அக்கா கூப்பிட்ட ஒரு சுற்று

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கு, அக்காவின் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

அக்கா பிறந்தது கரிவலம்வந்தநல்லூரில். வாழ்க்கைப்பட்டு வந்தது சங்கரன்கோவிலுக்கு. அத்தான் இளவயதிலேயே காலமாகிவிட, தறிக்கூடத்தில் நூலைத் தாராகச் சுற்றியே மகளைப் படிக்க வைத்தார். யாரிடமும் கை நீட்டாத வைராக்கியம் அவருடையது. நாளெல்லாம் உட்கார்ந்து பார்க்கும் வேலை. நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது.

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். "உக்காந்து சுத்துதது போதாதுன்னு, நடந்து வேற சுத்தணுமாக்கும்?" என்று கேலி செய்தார் அக்கா. ஆனால் ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் எங்களுக்காக நேர்ந்துகொண்டு கோயிலை நூற்றியெட்டுச் சுற்று வருவார். மகள்தான் மடக்கினாள்: "சாமிக்குன்னா நடக்க, சக்கரைக்குன்னா கால் வலிக்குதோ? அப்போ தெனமும் சாமிக்கே நட."

அன்றிலிருந்து தினமும் காலையில் பதினோரு சுற்று. சர்க்கரை இறங்கியது.

கோயம்புத்தூரில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் நான், என் பங்குக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை அனுப்பினேன். டாக்டரைக் கேட்கவில்லை. சர்க்கரை கிட்னியின் செல்களை மெல்ல அரிக்கும், இது அதைத் தடுக்கும் என்று போனில் பெருமையாக விளக்கினேன். நான் சொன்னால் அக்காவுக்கு வேதவாக்கு. "தம்பி மாத்திர கிட்னியப் பாத்துக்கிடும்" என்று நடப்பதையே விட்டுவிட்டார். எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் மாத்திரை தீர்ந்ததா என்று மட்டுமே கேட்டேன்.

இரண்டு வருடத்தில் கால் வீங்கியது. பிறகு டயாலிசிஸ். மாத்திரை நடைக்கு மாற்றில்லை என்றார் டாக்டர். நடந்திருந்தால் தப்பியிருப்பார் என்று அவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த 'ஒருவேளை'தான் இன்றும் என்னை வதைக்கிறது.

கடைசி வாரத்தில் கட்டிலருகே உட்கார்ந்து அழுதேன். "ஏலே, எதுக்கு அழுத? நல்லதுன்னுதான குடுத்த. மாத்திரய அனுப்புனதுக்குப் பதிலா, ஒருநா வந்து எங்கூட ஒரு சுத்து நடந்திருக்கலாம்லா" என்றார். அக்கா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

டயாலிசிஸ் நாட்களில் ஆட்டோவில் கூட்டிச்சென்ற பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும், முறைவைத்து உடனிருந்த தறிக்கூடத்துத் தோழியருக்கும், தன் அம்மாவைக் குழந்தையாய்ப் பார்த்துக்கொண்ட என் மருமகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இப்போது எனக்கும் சர்க்கரை. தலைத்திவசம் முடிந்த மறுநாள் காலை, கோயிலைப் பதினோரு சுற்று வரப்போகிறேன். முடிந்தவர்கள் உடன் வாருங்கள். முதல் சுற்றில் மட்டும் என் பக்கத்தில் யாரும் நடக்க வேண்டாம்.