அறைப் பராமரிப்பு வேண்டாம்

பழனி அடிவாரத்தில் எங்களுக்குப் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ் இருக்கிறது. உரிமம் என் பெயரில் இருக்கிறது, நடத்துவது என் மனைவி. மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசி, மலையேறி இறங்கி வரும் பக்தர் அறைக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் காரியம் தலையணையில் தலையைச் சாய்ப்பதுதான். அந்த மஞ்சள் ஒரு வெளுப்பில் போகாது. இருபத்திரண்டு வருடமாக அவள் அந்தக் கறையோடு மல்லுக்கட்டுகிறாள். வேலைக்கு ஆட்கள் இருந்தாலும் ஒவ்வொரு அறையிலும் மெத்தையின் மூலையைத் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டாள். விரிப்பின் மூலை தபால் கவரைப் போல மடிந்து உள்ளே போயிருக்க வேண்டும். தலையணை உறையின் வாய் கதவைப் பார்த்து இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து விரிக்க வேண்டும்.

என் வேலை கல்லாவில் உட்கார்ந்து, வாடகையைக் குறைக்கச் சொல்பவர்களிடம் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வது. "சும்மா தலையச் சாய்க்கத்தானங்க" என்பார்கள். "போன வருசமும் இங்கதான் தங்குனோம்" என்பார்கள், முன்பின் பார்த்திராத முகமாக இருக்கும். எனக்கு ரத்தம் கொதிப்பது ஒரே ஒரு ரகத்திடம்தான். "விரிப்பெல்லாம் நாங்களே கொண்டாந்துருக்கோம், அதுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கிடுங்க" என்று சொல்கிறவர்கள். இவனெல்லாம் ஒரு மனுசனா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே சாவியைக் கொடுப்பேன்.

புரட்டாசி வந்தால் கூட்டம் பெருமாள் பக்கம் திரும்பிவிடும். முருகனும் நாங்களும் கொஞ்சம் மூச்சு விடுவோம். அப்படி ஒரு புரட்டாசியில், கல்லூரியில் படிக்கும் மகள் கொடைக்கானல் போகலாம் என்றாள். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மலைதான். எத்தனையோ தடவை காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பியிருக்கிறோம், ஒரு தடவைகூடத் தங்கியதில்லை. சொந்தத்தில் பன்னிரண்டு அறை காலியாகக் கிடக்க, இன்னொருவன் அறைக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

இந்தத் தடவை என் மனைவி, "மூணு நாள் தங்கணுங்க" என்றாள்.

"மூணு நாளு அங்க என்ன சோலி? ஏரிய எத்தன தடவ சுத்துவ?"

"எனக்கு ஏரியும் வேணாம், பள்ளத்தாக்கும் வேணாம். காலைல ரூமப் போட்டது போட்டபடி விட்டுட்டு வெளிய போகணும். சாயங்காலம் வந்து கதவத் தொறந்தா பெட்டு விரிச்சுக் கெடக்கணும். யாரோ ஒருத்தங்க எனக்குன்னு விரிச்சிருக்கணும். அம்புட்டுதான்."

அவள் என்னிடம் இப்படி எதையும் கேட்டதில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கட்டாயம் தங்குவோம் என்று சொன்னேன்.

நேரே ஒரு விடுதிக்குப் போன் போட்டு அறை எடுத்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. மகள் என் போனில் ஓர் ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். அதில் விலையை நாம் சொல்ல வேண்டும். எந்த விடுதி என்று காட்டமாட்டார்கள். நாம் சொன்ன விலைக்கு ஏதாவது ஒரு விடுதி தலையாட்டினால், பணத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் பெயரே தெரியும். தலையாட்டவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் அதே விலைக்குக் கேட்க வேண்டுமானால், நாம் டிக் செய்திருக்கும் வசதிகளில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆயுள் முழுக்கப் பேரத்தை எதிர்த்து நின்றவனுக்கு, எதிர்ப்பக்கம் போய் நிற்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. விடுவேனா?

முதல் நாள் வெள்ளனே ஐந்து மணிக்குக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, பாதி விலைக்குக் கேட்டேன். எங்கள் கடைவீதியில் காலையில் வரும் முதல் வியாபாரத்தை, போணியை, யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். கட்டுப்படியாகாவிட்டாலும் கொடுத்துவிடுவார்கள். ஆப் கண்ணிமைக்கும் நேரத்தில் என்னைத் திருப்பி அனுப்பியது.

"அப்பா, அது கம்ப்யூட்டர். அதுக்குப் போணியெல்லாம் கெடையாதுப்பா" என்றாள் மகள்.

"அதுக்குப் பின்னால ஒரு ஆளு இருப்பான்ல? அவனுக்கு இருக்கும்" என்றேன்.

இரண்டாம் நாள் பள்ளத்தாக்குக் காட்சியை விட்டுக்கொடுத்தேன். புரட்டாசி மூட்டத்தில் எந்தப் பள்ளத்தாக்கு தெரியப்போகிறது? மூன்றாம் நாள் காலைச் சிற்றுண்டி போனது. நான்காம் நாள் 'ஏரிக்கு அருகில்' போனது, கார்தான் இருக்கிறதே. அதற்கும் ஆப் மசியவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் ஒரே ஒரு டிக்தான் மிச்சம் இருந்தது. தினசரி அறைப் பராமரிப்பு.

மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் மறக்கவில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நினைவில் இருந்தது. அந்த நேரத்தில் மனதில் ஓடியதை அப்படியே எழுதிவிடுகிறேன்: மூணு நாள்தானே, அவளே விரிச்சுக்குவா. டிக்கை எடுத்தேன். திரையில் பட்டாசு வெடித்தது. 'வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்' என்று வந்தது.

பஞ்சாமிர்தக் கடை, பக்கத்தில் பை விற்கும் பாய் கடை, எதிரே டீக்கடை என்று போனைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தேன். "பாதி வெலை!" என்று எல்லாரிடமும் காட்டினேன். மனைவியிடமும் விலையைச் சொன்னேன். டிக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை.

விடுதி கொடைக்கானலுக்குக் கொஞ்சம் வெளியே, அட்டுவம்பட்டியில் இருந்தது. அறையைக் குறை சொல்ல முடியாது. மனைவி பையை வைத்ததும் மெத்தையின் மூலையைத் தூக்கிப் பார்த்தாள். தலையணையைத் திருப்பிப் பார்த்தாள். "நல்லா போட்டுருக்காங்க" என்று இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி சொன்னாள்.

மறுநாள் காலையில் கம்பளியை மடிக்கவில்லை. வேண்டுமென்றே சுருட்டிக் கட்டில் நடுவில் போட்டாள். ஈரத் துண்டை அதன் மேல் எறிந்தாள். "கெடக்கட்டும்" என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளை மாதிரி சிரித்தாள். சாவியை வரவேற்பு மேசையில் இரண்டு கையாலும் கொடுத்தாள்.

ஏரியில் படகில் உட்கார்ந்திருக்கும்போது, "இந்நேரம் விரிச்சிருப்பாங்கல்ல?" என்று கேட்டாள். "விரிச்சிருப்பாங்க" என்றேன். சுட்ட சோளம் வாங்கித் தின்னும்போது மறுபடியும் கேட்டாள். என் சோளத்தை மகளிடம் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் கதவைத் திறந்தாள். கம்பளி கட்டில் நடுவில் அப்படியே கிடந்தது, மேலே ஈரத் துண்டு. மறந்துட்டாங்க போல என்று தானே வரவேற்புக்குப் போனாள். நானும் மகளும் பின்னாலேயே போனோம். மேனேஜர் மரியாதைக்காரர். கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"மேடம், உங்க புக்கிங்ல ஹவுஸ்கீப்பிங் நோ-ன்னு இருக்கு. கஸ்டமரே வேணாம்னு குடுத்திருக்காங்க."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அங்கிருந்த மீன்தொட்டியைப் பார்த்தேன். அவள் அறைக்குத் திரும்பி, துண்டைக் காயப்போட்டு, விரிப்பை உதறி, நான்கு மூலையையும் தபால் கவர் மாதிரி மடித்துச் செருகினாள். மகள் கை கொடுக்கப் போனபோது வேண்டாம் என்றுவிட்டாள்.

"நம்ம லாட்ஜுக்கு வருவாங்கல்ல, விரிப்புக் கொண்டாந்துருக்கோம், கழிச்சுக்கிடுங்கன்னு. இனிமே அவுங்கள ஒண்ணும் திட்டாதீங்க" என்றாள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மறுநாள் முழங்கால் வலி என்று பொய் சொல்லி, அவர்கள் இருவரையும் பைன் காட்டுக்கு அனுப்பிவிட்டு மேனேஜரிடம் ஓடினேன். எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன், அந்த அறையை மட்டும் யாரையாவது விட்டு ஒழுங்கு பண்ணுங்கள் என்றேன். "டீல் ரூமுக்கு சிஸ்டம்ல ஆப்ஷனே இல்ல சார்" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்து இரங்கி, இரண்டு குட்டிச் சோப்பு கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் நானே விரித்தேன். லாட்ஜ் முதலாளி. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு விரிப்பைக் கையால் தொட்டேன். இந்த மூலையைச் செருகினால் அந்த மூலை வெளியே வந்தது. மெத்தையைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் ஆனது. கம்பளியை மடித்துக் காலடியில் வைத்து, தலையணைக்கு ஒன்றாகச் சோப்பை வைத்துவிட்டு, சாவியை வரவேற்பில் கொடுத்தேன். பிறகு ஒன்றும் தெரியாதவன் மாதிரி மீன்தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவர்கள் திரும்பி வந்ததும் நானும் எழுந்து பின்னாலேயே போனேன். அவள்தான் சாவியை வாங்கினாள், எதையும் எதிர்பார்க்காத முகத்தோடு கதவைத் திறந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அட!" என்றாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தீக்குச்சி எரிகிற நேரம்தான் அது நீடித்தது. கட்டிலுக்குப் போய் மெத்தையின் மூலையைத் தூக்கினாள். தலையணை உறையின் வாய் கதவைப் பார்த்து ஆவென்று திறந்திருந்தது.

"இது ஹோட்டல்காரங்க போட்டதில்ல."

"யாராச்சும் புதுசா சேந்த ஆளாருக்கும்" என்றேன்.

"ஆமா. வயசான ஆளு. இடுப்பு வளையல" என்றாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஆனால் அவள் எதையும் சரிசெய்யவில்லை. கோணல் மூலையை அப்படியே விட்டுவிட்டு, கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் மலையிறங்கும்போது பெருமாள்மலையில் டீக்கு வண்டியை நிறுத்தினேன். ஆப்பிலிருந்து செய்தி வந்தது, நட்சத்திரம் போடச் சொல்லி. போனை அவள் வாங்கிக்கொண்டாள். அறைக்கு நாலு, ஊழியர்களுக்கு அஞ்சு என்று போட்டாள். நாங்கள் வேண்டாம் என்ற அறைப் பராமரிப்புக்கும் அந்த ஆப் கூச்சமில்லாமல் நட்சத்திரம் கேட்டது. அதற்கு இரண்டு போட்டாள்.

"ரெண்டுதானா?" என்றேன்.

"வேலைக்கு ஒண்ணு. இருபத்திரெண்டு வருசத்துல மொத தடவையா எனக்குன்னு விரிச்சதுக்கு ஒண்ணு."

"அப்ப மிச்சம் மூணு?"

போனை என் கையில் கொடுத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வாங்க. பன்னெண்டு ரூம் கெடக்கு."