சுத்தமாகப் பிடித்த தண்ணீர்

புதுக்கோட்டையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆலங்குடியிலிருந்து தினமும் பஸ். ஊரார் தண்ணீருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிற நான், என் தெருவுக்குப் பக்கத்துக் குளத்தில் கோட்டை விட்டேன்.

அந்தக் குளத்தில் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் ஒருவர் கோடை லீவில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பார். அந்த வருஷம் என் மகளும் சேர்வதாக இருந்தாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. புதிதாக வந்த கல்யாண மண்டபத்தின் கழிவுநீர், குளத்துக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலில் விழுவதைப் பார்த்திருந்தேன். "டெஸ்ட் பண்ணிட்டு எறக்குவோம் சார்" என்றேன். அவரும் தட்டவில்லை.

மறுநாள் அவருக்குப் புதுக்கோட்டையில் வேலை இருந்தது. கிருமி நீக்கிய பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்து, "படிக்கட்டுகிட்ட சுத்தமா புடிச்சு லேப்புக்குக் கொண்டாந்துருங்க சார்" என்றேன். சுத்தமா என்றால் பாட்டில் வாயில் விரல் படாமல் என்று அர்த்தம். எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் அது தெரியும்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. கிருமி ஒன்றுகூட முளைக்கவில்லை. இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மாடு குளிப்பாட்டுகிற குளத்தில் ஒன்றுமே இல்லை என்றால் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள், எனக்கும் நல்ல சேதி வேண்டியிருந்தது. "எறக்கலாம் சார்" என்று போனில் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நின்றேன். வகுப்பு முடிந்து ஈரத்தலையோடு வந்தார் வாத்தியார்.

"ஒங்க புள்ள தைரியசாலிம்மா. ரெண்டு மூணு வாய் தண்ணி குடிச்சிருச்சு, ஆனா அழுகல" என்றார். பிறகு, "நீங்க சொன்ன மாதிரியே சுத்தமாத்தான் செஞ்சேன். பாட்டிலுக்குள்ள வெள்ளையா ஏதோ பொடி ஒட்டிக் கெடந்துச்சு, சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். லேப்புக்குப் போற தண்ணியாச்சேன்னு, புடிக்கிறதுக்கு முன்னாடி படிக்கட்டு ஓரத் தண்ணியில பிளீச்சிங் பவுடரும் தெளிச்சுவிட்டேன்."

அந்தப் பொடி நாங்கள் போட்டு வைப்பது. தண்ணீரில் பிளீச்சிங் கலந்திருந்தால் அதை முறிக்கத்தான் அது. பொடியைக் கழுவிவிட்டதால், பஸ்ஸில் வருகிற வழியிலேயே பாட்டிலுக்குள் இருந்த கிருமியெல்லாம் செத்துப்போயிருக்கிறது. விருந்தாளி வருகிறார்கள் என்று வீட்டைக் கூட்டிப் பெருக்குவதுபோலச் செய்திருக்கிறார் மனுஷன். திட்ட வாயெடுத்தேன். என்ன சொல்லித் திட்டுவது? சுத்தமா என்று சொன்னவள் நான்தான்.

"நாளையில இருந்து யாரையும் எறக்காதீங்க சார்" என்று சொல்லி, விஷயத்தையும் சொல்லிவிட்டு, வீட்டில் இருந்த இன்னொரு பாட்டிலை எடுத்துக்கொண்டு குளத்துக்கு ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகி, படிக்கட்டை விட்டுத் தள்ளிப் போய் நானே பிடித்தேன்.

வீட்டில் வாயைத் திறக்கவில்லை. வெட்கம். "சாருக்கு வேலை இருக்காம், ரெண்டு நாளைக்குக் கிளாஸ் இல்ல" என்று மகளிடம் புளுகினேன். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அவளுக்கு எரிச்சலே வந்துவிட்டது.

இரண்டாம் நாள் மதியம் கூடத்தில் பார்த்தபோது சோதனைக் குழாய்கள் அத்தனையும் கலங்கி, உள்ளே வாயு கட்டியிருந்தது. மலக் கிருமி. உடனே வாத்தியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நாந்தானேம்மா கழுவுனேன்" என்றார்.

"நான் சொல்லிக் குடுத்திருக்கணும் சார்."

"இருவது புள்ளைங்கம்மா. எல்லா வீட்டுக்கும் சொல்லணுமே."

"நானே சொல்றேன். நம்பரையெல்லாம் அனுப்புங்க."

நம்பர்கள் வருவதற்குள் வீட்டிலிருந்து போன் வந்தது. மகள்தான். குரலில் தெம்பே இல்லை.

"அம்மா, மூணு தடவ பாத்ரூம் போயிட்டேன். வயித்த வலிக்குது. கொளத்துத் தண்ணியாலதான்னு அப்பா சொல்றாங்க. எங்கம்மா டெஸ்ட் பண்ணுன தண்ணி, அதுல ஒண்ணும் இருக்காதுன்னு நான் சொல்லிட்டேன்."