சௌந்தரம் ஓட்டிய முதல் உழவு

மழை பெய்து நிலம் பதமாக இருந்த அந்த வாரத்திலும், வாடகைக்கு உழுது கொடுக்கும் சம்பத்து டிராக்டரைக் கொண்டு வரவில்லை. வருகிறேன் என்று சொன்னவன்தான். சௌந்தரம் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, காலையிலிருந்து தன் அரை ஏக்கர் கொல்லையின் மேட்டில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்துப் பெரிய நிலங்களில் அவனுடைய புது டிராக்டர் போவதும் வருவதும் கேட்டது. சாயங்காலம் அவளைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனான். கேட்டதற்கு, அரை ஏக்கர் துண்டுக்குள் வண்டியைத் திருப்பவே முடியாது, அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்றான்.

போன வருஷமும் இதே பேச்சு. அதற்கு முந்தின வருஷமும் இதேதான். ஒருதரம் கலப்பை உடைந்துவிட்டது என்றான், ஒருதரம் டிரைவர் ஊரில் இல்லை என்றான். நிலம் இரண்டு வருஷமாகக் கரம்பாகக் கிடந்து, கிழக்குப் பக்கம் முழுக்கச் சீமைக்கருவேல் ஏறிவிட்டது. அதற்கு அப்பால் மனை போட்டு, ஏதோ ஒரு நகர் என்று பெயர்ப்பலகை நட்டிருந்தார்கள்.

"நான் வர முடியாதுன்னா சொல்றேன்? வூட்ல அண்ணன வந்து பேச சொல்லுக்கா. உங்கிட்ட இன்னா பேசறது?" என்றான் சம்பத்து.

அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. கம்பெனியில் ஒரு லைன் முழுக்க அவள் பேச்சைக் கேட்டு ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிறது. இங்கே வழியில் நின்று ஒரு கேள்வி கேட்க அவளுக்கு வாய் இல்லையாம். வீட்டுக்கு வந்தவள் சோற்றைக்கூடத் தொடவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய், அங்கே நின்றிருந்த பழைய டிராக்டர்மேல் அடுக்கியிருந்த விறகையெல்லாம் இழுத்துக் கீழே போட ஆரம்பித்தாள்.

அது அவள் கல்யாணத்துக்கும் முந்திய வண்டி. அவள் புருஷன் கன்னியப்பன் வேலை பார்த்த டேனரியில், பச்சைத்தோல் பாரம் இழுப்பதற்கென்றே வைத்திருந்தார்கள். டேனரியை மூடியபோது முதலாளி நசீர் அகமது, இரும்புக் கடைக்குப் போட மனசு வரவில்லை, இத்தனை வருஷம் ஓட்டியவனே வைத்துக்கொள்ளட்டும் என்று கன்னியப்பனிடம் கொடுத்துவிட்டார். சிவப்பு வெளுத்துக் காவியாகிவிட்ட அந்த வண்டி, நிலம் என்ற ஒன்றை அதுவரை பார்த்ததே இல்லை. கன்னியப்பனும் அதை மறுபடி ஓட்டவில்லை. சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் வழுக்கி விழுந்ததில் அவன் இடது முட்டி போயிருந்தது. கிளச்சை மிதித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வாரத்துக்கு ஒருதரம் இஞ்சினை மட்டும் ஓடவிட்டு, கேட்டுவிட்டு, நிறுத்துவான்.

"இன்னா பண்ற?" என்றான் கன்னியப்பன்.

"ஞாயித்துக்கெழம நான் ஓட்டறேன். நீ வரப்புல நின்னு சொல்லு."

"நானே அதுல ஏர் ஓட்டுனது இல்ல. ரோட்ல பாரம் இழுக்கறது வேற, இது வேற."

"அப்ப ரெண்டு பேரும் கத்துக்கலாம்."

அவள் அந்தக் குரலில் பேசினால் பேசிப் பயனில்லை என்பது கன்னியப்பனுக்குத் தெரியும். டேனரியில் அவனோடு வேலை செய்து, இப்போது வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தபரேஸிடம் போய், ஓரத்தில் கிடந்த அஞ்சு இரும்புக் கொத்து வைத்த பழைய கலப்பை ஒன்றைக் கேட்டு வாங்கினான். தபரேஸே கொண்டுவந்து வண்டியில் மாட்டிக் கொடுத்தான். மாட்டும்போது, தங்கச்சியா ஓட்டப் போகிறது என்று ஒருதரம் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டான்.

நடுவில் ஒரு நல்ல மழை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சௌந்தரம் புடவைமேல் புருஷனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஸ்கூட்டி தவிர அவள் வேறு எதையும் ஓட்டியதில்லை. ஸ்டியரிங் கல்லைப் போல இருந்தது. கிளச்சை மிதிக்க இருக்கையின் நுனிக்கு வந்து முழு உடம்பையும் அழுத்த வேண்டியிருந்தது. நிலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி பலதடவை நின்றது.

முதல் சால் பாம்பு போனது மாதிரி போனது. கலப்பை மண்ணில் இறங்காமல் மேலேயே கீறிக்கொண்டு வந்தது. இரண்டாவது சாலில் அளவுக்குமேல் இறங்கி, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கிக்கொள்ள, கன்னியப்பன் வரப்பிலிருந்து கிளச்சு, கிளச்சு என்று கத்தினான். கலப்பையைத் தூக்காமலே திருப்பப் பார்த்து இஞ்சினை நிறுத்தினாள். அவன் அதற்கும் ஏதோ சொல்ல, வேண்டுமானால் நீ வந்து உட்கார் என்று அவள் பதிலுக்குக் கத்தினாள். வெயில் ஏறுவதற்குள் பாதையில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். தன் டிராக்டரை ஓரங்கட்டிவிட்டு சம்பத்தும் நின்றான். அக்கா கோலம் போடுகிறது என்று அவன் சொன்னதும், அதற்குச் சிலர் சிரித்ததும் அவள் காதில் விழுந்தன. அவள் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சாலைப் பிடித்தாள்.

மெல்ல மெல்லக் கை பழகியது. எந்த இடத்தில் கலப்பை லிப்ட்டை இறக்கினால் கொத்து பதமாகப் புதைகிறது என்று இஞ்சினின் சத்தமே சொல்ல ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஈரமண் கறுப்பாகப் புரண்டு கிடந்தது. அப்போது மட்டும் அவள் கோபம் கொஞ்ச நேரம் மறந்திருந்தாள்.

கிழக்குப் பக்கம் வந்து, முந்தின நாள் கூலியாட்கள் வெட்டிப்போட்டிருந்த கருவேல் கட்டைகளுக்கு நடுவே போகும்போது, கலப்பை எதிலோ மோதி வண்டி குலுங்கி நின்றது. இறங்கிப் பார்த்தாள். மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒன்று வெட்டிய முள்தழைக்கு அடியில் ஆழமாக நடப்பட்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் அதே வரிசையில் இன்னொன்று. மனைக்காரர்களின் கல். அவளுடைய நிலத்தின் மூலை என்பது பனைமரம். மாமனார் காலத்திலிருந்து அதுதான் எல்லை. பனைமரமோ கல்லுக்கு அப்பால், ஒரு வீடு கட்டும் அளவு தள்ளி நின்றது. நடுவிலிருந்த வரப்பைக் காணோம். யாரோ சமன் செய்துவிட்டிருந்தார்கள்.

கன்னியப்பன் நொண்டிக்கொண்டே வந்து பார்த்துவிட்டுக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். சௌந்தரம் பாதைப் பக்கம் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த சம்பத்து இப்போது சிரிக்கவில்லை. வண்டியை எடுக்கப் போனான். அந்த மனைகளை வாங்க ஆள் கூட்டி வந்து காட்டுவது அவன்தான் என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். அவன் உழ வராததையும் இதையும் சேர்த்துப் பார்க்க இத்தனை நாள் ஆனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உழாமல் கிடந்தால் புதர் மூடும். புதர் மூடினால் கல் தெரியாது.

விடுவிடுவென்று நடந்து அவன் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"கலப்ப ஒடஞ்சிடுச்சின்ன, டிரைவரு இல்லன்ன. எல்லாத்தையும் நம்பனேன் சம்பத்து. கல்லு நட்டிருக்குது, அதான் வரலன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எனுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அளந்துதான் போட்டிருப்பாங்க. வேணும்னா சர்வேயர் வரட்டும்."

"வரட்டும். அதுவரைக்கும் எங்கொல்லையில எவன் கல்லும் நிக்காது."

இழுப்பது என்பது அந்தப் பழைய வண்டிக்குத் தெரிந்த வேலை. கலப்பையை மேலே தூக்கி வைத்துவிட்டு, வண்டியின் பின்கொக்கியில் அதோடு கிடந்த பழைய சங்கிலியைப் போட்டு, மறுமுனையைக் கல்லில் சுற்றினாள். கன்னியப்பன் முதலில், வேண்டாம், போலீஸ் கேஸாகிவிடும் என்றான். பிறகு அவனே குனிந்து சங்கிலியை இறுக்கிக் கட்டினான். வண்டி கரும்புகை கக்கி முக்கியது. கல் சாய்ந்து, மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. அடுத்ததும் வந்தது. பிறகு அவள் கலப்பையை இறக்கி, பனைமரம் வரைக்கும் உழுதாள்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. அவள் லைனில் தைக்கும் ஹஃப்ஸா தன் சீட்டைக் கொடுத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொல்லச் சொல்ல சௌந்தரத்துக்குத் திரும்பவும் ஆத்திரம் ஏறியது.

மனைக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். அவளும் கொடுத்தாள். அலைய வைத்து அலைய வைத்து ஒருவழியாக சர்வேயர் வந்து அளந்தார். கோடு பனைமரத்தின் ஓரமாகத்தான் போனது. தப்பு நடந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஏதோ ஆள் தெரியாமல் நட்டுவிட்டான் என்று முடித்துக்கொண்டார்கள். தெரியாமல் நட்டவன் வரப்பையும் தெரியாமலா வெட்டினான் என்று அவள் கேட்டாள்.

அந்தப் போகம் மல்லாட்டைக் கடலை போட்டாள். டேனரிக் கழிவுத் தண்ணீர் ஊறி உப்பேறிய மேற்குப் பக்கம் செடி மஞ்சளடித்துக் கருகிப் போயிற்று. மற்ற இடம் சுமாராக விளைந்தது. பனைமரத்தடியில் நன்றாகவே காய்த்தது.

சம்பத்து இப்போதும் வழியில் பார்த்தால், உழவு இருந்தால் சொல்லுக்கா என்கிறான். அவள் நடந்துகொண்டே போகிறாள். அவன் இரண்டு வருஷமாக இழுத்தடித்த இன்னொரு துண்டு நிலம், ஊர்க்கோடியில் தனியாக இருக்கும் எழிலரசியுடையது. தன் துண்டையும் உழுது தரக் கேட்டு அவள் வந்து வாசலில் நின்று தயங்கியபோது, சௌந்தரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு உட்கார வைத்து, உன் எல்லை எது என்று முதலில் கேட்டாள்.