தகரத்துக்கும் தையல் விடுவாள்

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தகரத்தின் ஓரத்தைப் பிடித்து அம்மா தேய்த்துப் பார்க்கிறாள், துணிக்கடையில் துணியைப் பார்ப்பது போலவே. பிறகு அதைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள். தகரத்தில் வெளிச்சம் ஊடுருவாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பார்க்கிறாள்.

"கனம் பரவாயில்ல. ஆனா கஞ்சி போட்ட மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது."

தகரத்தைக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டுக்காரர். அவருடைய தபால் பெட்டியின் மூடி துருப்பிடித்து விழுந்துவிட்டது. புது மூடி வேண்டும், அவ்வளவுதான்.

"எப்ப வரட்டும்மா?"

"வியாழக்கிழமை வாங்க."

மூடி அன்று மாலையே தயாராகிவிட்டது. வியாழன்வரை அது அலமாரியில் சும்மா இருந்தது. ஏன் என்று கேட்டேன். "கேட்ட உடனே கொடுத்தா நமக்கு வேற வேலையே இல்லன்னு நெனச்சுப்பாங்க" என்றாள். வியாழக்கிழமை அவர் வந்தபோதும் மூடியைக் கொடுத்துவிடவில்லை. கூடவே போய் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்து, "தோள்பட்டை கொஞ்சம் இடிக்குது, சனிக்கிழமை வாங்க" என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். ஒரு தபால் பெட்டி மூடிக்கு ட்ரையல் பார்த்த முதல் ஆள் எங்கள் தெருவில் அவர்தான். கடைசி ஆள் அல்ல.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா தையல்காரி. கண் மங்கிய பிறகு நிறுத்திவிட்டாள். "ஊசிக்குக் காது இருக்குங்கற நம்பிக்கையிலதான் கோக்க வேண்டியிருக்கு" என்று சொல்லி, ஒரு நாள் மெஷினுக்கு உறை போட்டாள். அப்பா பஸ் பணிமனையில் பிட்டர். வீட்டின் பின்பக்க அறையில் சொந்தமாக ஒரு பட்டறை வைத்திருந்தார். முன்னறை தையல், பின்னறை பட்டறை. நடுவில் எல்லைக்கோடு போல சமையலறை. ஒருவர் கருவியை இன்னொருவர் தொடக் கூடாது. ஒரே ஒரு முறை அப்பா அவசரத்துக்கு அம்மாவின் துணிக் கத்தரியால் உப்புத்தாள் வெட்டினார். அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை.

போன மழைக்காலத்தில் அப்பா இறந்துபோனார்.

பட்டறையைப் பூட்டி அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் இன்ஜினியர் நான். இருப்பதை இருந்தபடி பதிவு செய்வது என் வேலை. எந்த ஆணியில் எந்த ஸ்பேனர் தொங்கியது என்று படம் எடுத்து வைத்தேன். அந்தப் படங்களுக்கு ஆயுள் கெட்டியில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. ஆள் கூப்பிடலாம் என்றேன். "இதுக்கு ஒரு ஆளா? உள்ள அவ்வளவு சாமான் சும்மா கெடக்கு" என்று சொல்லி அம்மா பின்னறையைத் திறந்தாள். பிறகு அது மூடவே இல்லை.

கருவிகளுக்கு அவள் வைத்த பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நீள மூக்குக் குறடு, கொக்கு. துளை போடும் மெஷின், "என் மெஷினோட மச்சான், இவனுக்கும் ஊசிதான், நூலுதான் இல்ல." மேசையில் திருகிவைத்திருக்கும் இரும்பு வைஸுக்குப் பெயர் மாமியார். "ஒரு தடவ பிடிச்சுதுன்னா விடாது. நாமதான் பணிஞ்சு போய்த் திருகணும்." ஹாக்சாவோடு மட்டும் அவளுக்கு ஒத்துப்போகவில்லை. இரும்பை அறுக்கும்போது தள்ளித்தான் அறுக்க வேண்டும். அவள் இரு பக்கமும் இழுத்து பிளேடு பிளேடாக ஒடித்தாள். தகரக் கத்தரி அப்படியில்லை. முதல் நாளே கைக்குள் அடங்கிவிட்டது. அதன் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, காதருகே வைத்துத் திறந்து மூடிக் கேட்டாள். "சத்தம் நல்லாருக்கு. உங்கப்பா இத வெச்சுக்கிட்டா என் கத்தரியத் தொட்டாரு?" என்றாள். வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது.

தகரத்தில் கோடு போட அப்பாவின் இரும்புக் கீறல் ஊசி இருக்கிறது. அவளுக்கு அது வேண்டாம். தையல் சாக்குக்கட்டிதான். எண்ணெய்ப் பசையில் சாக்குக்கட்டி ஒட்டாது என்பதால் வருகிற தகரத்தையெல்லாம் முதலில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைக்கிறாள். காற்றடிக்கும்போது எங்கள் வீட்டுக் கொடி மட்டும் இடி முழங்குகிறது.

அவள் செய்த முதல் பெட்டி மறக்க முடியாதது. மாடிவீட்டு டீச்சர் ஜன்னலில் செடி வைக்க ஒரு பெட்டி கேட்டிருந்தார். அளவு சரியாக எடுத்தாள். சரியாகக் கோடு போட்டாள். வெட்டிச் சேர்த்துப் பார்த்தால் நான்கு பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக இருந்தது. எனக்குப் புரியவில்லை. மறுபடி அளந்தேன். பிறகுதான் தெரிந்தது, தையலுக்கென்று ஓரத்தில் துணி விடுவதுபோல தகரத்திலும் விட்டிருக்கிறாள்.

"அம்மா, தகரத்துக்கு எதுக்கு விடணும்?"

"கை தானா விட்டுடுச்சு."

"துவைச்சா சுருங்கிடுமோ?"

"நீ வாய மூடிக்கிட்டு அந்தப் பக்கத்தப் பிடி."

கூடுதலாக இருந்ததை வெட்டி எறிய அவளுக்கு மனசில்லை. உள்பக்கமாக மடித்துத் தட்டிவிட்டாள். டீச்சர் வந்து விளிம்பைத் தடவிப் பார்த்து, கையைக் கிழிக்கவே இல்லையே என்று வியந்தார். "ஓரம் அடிச்சிருக்கேன்ல" என்றாள் அம்மா, ஏதோ திட்டம் போட்டுச் செய்ததுபோல. அன்றிலிருந்து தகரத்துக்கும் தையல் விடுவாள். எல்லா விளிம்பையும் மடிப்பாள். முறத்தில் ஆரம்பித்து சைக்கிள் மட்கார்டுவரை ஓரம் அடிக்காத தகரம் எங்கள் தெருவில் இப்போது அரிது.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் என்னால் சகிக்க முடிவதில்லை. ரிவெட் ஆணிகளைக் குண்டூசிபோல உதட்டில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வாள். அந்த நேரத்தில் பேசினால் எல்லாம் 'ம்'மில்தான் ஆரம்பிக்கும். முழுங்கிடப் போறம்மா என்றால், "ம்ம்முழுங்கினதில்ல" என்பாள்.

சிக்கல் சுத்தியலில் வந்தது.

அப்பாவின் கை பெரியது. கடையில் விற்கும் எந்தப் பிடியும் அவருக்குப் போதவில்லை. ஒரு கட்டையை வாங்கி, தானே செதுக்கி, தன் கைக்குத் தகுந்தபடி தடிமனாகப் பிடி போட்டிருந்தார். எண்ணெயும் வியர்வையும் ஏறி அது கறுத்து, வழவழத்து, பட்டறையில் வேறு எதிலும் இல்லாத ஒரு பளபளப்போடு இருந்தது. தகரம் தட்ட ஏற்ற சுத்தியல் அது ஒன்றுதான். மற்றவை கல் உடைக்கத்தான் லாயக்கு. அம்மாவின் விரல்கள் அந்தப் பிடியைச் சுற்றி ஒன்றையொன்று தொடவில்லை. தலைக்குக் கீழே கொஞ்சம் ஒடுங்கிய இடத்தில் பிடித்து அடித்தாள். குறி தவறியது. இடது கட்டை விரல் நகம் நீலமானது. சில நாளில் அதே விரலில் இன்னொரு அடி. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன வேலை பாக்கறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"தையல்."

டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த மெஷின்ல?"

அம்மா விரலை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இன்னொரு அடி பட்டால் எலும்பு தாங்காது, அப்புறம் இந்த விரல் எதையும் பிடிக்காது என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"சுத்திப் பிடியக் கொஞ்சம் ராவிட்டா சரியாப் போயிடும்ல?"

"வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

"அது அப்பாவோட பிடி."

"மரம்டி அது. உங்கப்பா கையா?"

"புதுசு வாங்கிக்கலாம்."

"வாங்கு. யாரு வேணாங்கறா."

இரும்புச் சாமான் கடைக்காரர் அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சுத்தியல்களை வரிசையாக எடுத்துப் போட்டார். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி, மெதுவாக ஆட்டினாள். கடைக்காரர் பக்கத்திலிருந்த பெயிண்ட் டப்பாக்களை ஓசைப்படாமல் நகர்த்திவைத்தார்.

"இதுல ஒரு சைஸ் சின்னது இருக்கா?"

"இதுதான் சின்னதுக்கா."

"இதே தலை, இதே நீளம், கழுத்து மட்டும் சின்னதா?"

"அக்கா, இது என்ன சட்டையா?"

"அடிச்சுப் பாத்துட்டு வாங்கலாம்ல?"

"சுத்தியலுக்கெல்லாம் ட்ரையல் யாரும் கேட்டதில்லக்கா" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு மரக்கட்டையையும் ஆணியையும் எடுத்துவைத்தார். ரப்பர் பிடி போட்டது கையை வேர்க்கவைக்கிறது என்றாள். வார்னிஷ் பூசியது வழுக்குகிறது. அடுத்ததற்குத் தலை லேசு: "அடிச்ச மாதிரியே இல்ல, கதவத் தட்டிட்டு வெளிய நிக்கற மாதிரி இருக்கு." நான் எடை, நீளம், பிடியின் நீள்வட்டம் எல்லாவற்றையும் விளக்கி, நான்காவதுதான் சரி என்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். ஆணியை நேராக, ஒரே சீராக இறக்கினாள். கடைக்காரரே தலையாட்டினார். "ம்... நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அதை மற்றவற்றோடு வைத்துவிட்டாள்.

"அண்ணன் ஒரு தடவ வந்தா ஒரு கூடை சாமான் எடுப்பாரு. நீங்க கூடைய மட்டும் எடுத்துக்கிட்டுப் போறீங்க" என்றார் கடைக்காரர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு வழி சொன்னார். அண்ணனின் பழைய சுத்தியல் தலையை வைத்துக்கொண்டு, பிடியை மட்டும் மாற்றிவிடலாமே, பழைய பிடியை எடுத்து வைத்துக்கொள்ளலாமே. எனக்கு உடனே பிடித்துப்போனது. சின்னதாக ஒரு பிடிக்கட்டையைக் கையில் எடுத்தேவிட்டேன்.

அம்மா கேட்டாள், "கழட்ட வருமா அது?"

யோசித்தேன். வராது. அப்பா சுத்தியல் தலைக்குள் பிடியைச் செருகி, மேலே இரும்பு ஆப்பு அடித்திருந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு மயிரிழைகூட ஆடியதில்லை. எடுக்க வேண்டுமானால் பிடியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கட்டையைத் திரும்ப வைத்தேன். அம்மா ஒரு பொட்டலம் வாஷர் மட்டும் வாங்கினாள். பொத்தான் மாதிரி அழகாக இருக்கிறதாம்.

அதன் பிறகு பிடியைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. ராவுகிற அரம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. நான் வேலைக்குப் போயிருக்கும் பகலில் அவள் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. துணிக்கட்டுப் போட்ட விரலோடு, அதே ஒடுங்கிய இடத்தில் பிடித்து, பழையபடியே தட்டிக்கொண்டிருந்தாள். மாலையில் வந்ததும் முதலில் அவள் விரலைப் பார்ப்பேன். "இருக்கு இருக்கு, எண்ணிக்கோ" என்று பத்து விரலையும் விரித்துக் காட்டுவாள்.

போன விடுமுறை நாள் காலையில் நான் பட்டறை வாசலில் நின்றிருந்தேன். அவள் ஒரு வாளிக்குக் காது பொருத்திக்கொண்டிருந்தாள். உதட்டில் ரிவெட்டுகள். சுத்தியல் இறங்கும்போதே பிடி அவள் கையில் உருண்டதைப் பார்த்தேன். கட்டை விரலுக்கு ஒரு நூலிழை தள்ளி, வாளியின் விளிம்பில் விழுந்தது. விளிம்பு நசுங்கியது. அவள் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து வைத்தாள்.

"நல்ல வாளி, பாவம்" என்றாள்.

நான் உள்ளே போய் மரம் ராவும் முரட்டு அரத்தை எடுத்தேன். சுத்தியலை அவள் கையிலிருந்து வாங்கி, தலையை வைஸில் வைத்து இறுக்கினேன். பிடி மேசைக்கு வெளியே கிடையாக நீட்டிக்கொண்டு நின்றது. அம்மா சாக்குக்கட்டியை எடுத்து அந்தக் கறுப்பின்மேல் இரண்டு வெள்ளைக் கோடு இழுத்தாள்.

"கோட்டுக்கு வெளியவே நிறுத்திக்கோ. துணின்னா பிரிச்சு விட்டுக்கலாம். இது குறைச்சா குறைச்சதுதான்."

"சரி."

"மெதுவா ராவு."

"சரிம்மா."

"ஆரம்பியேன். மரந்தானே."

வைஸ் நன்றாக இறுகியிருந்தது. பிடி அசைய வழியே இல்லை. யாரும் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் அவள் என் எதிரே வந்து, பிடியின் நுனியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அரம் முதல் முறை இறங்கி, கறுப்புக்கு அடியிலிருந்து வெளிறிய மரம் தெரிந்தபோது, கையை விடாமல், முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.