வெயில் மேல் போட்ட பழி

மூன்று வருஷமாக நெஞ்சில் கிடக்கிற ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினெட்டு சிப்பில் பதினொன்று அடைத்துக்கொண்டதற்கு நான் காரணம் இல்லை. பெட்டியைக் கறுப்புத் துணியில் சுற்றி, சீட்டுக்கு அடியில் வைத்து, தி. நகரிலிருந்து அடையாறு வரை ஆட்டோவில் கொண்டு போனேன். நந்தனம் சிக்னலில் கால் மணி நேரம் நின்றபோதும் திறக்கவில்லை. ஆனாலும் "ஆட்டோக்காரர் வெயில்ல வச்சிட்டார்" என்று சொன்னது ஷகீலா. அதை நம்பியவர்கள் எல்லாம் பெரிய படிப்பு படித்தவர்கள்.

ஷகீலா மயிலாப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பத்தொன்பது வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவியவர். அதை மூடிவிட்டார்கள். பிறகு எங்கள் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஸ்ரீநாத் என்பவர் நடத்தும் பட்டறையில் சேர்ந்தார். அங்கேயும் கழுவுகிற வேலைதான்.

அங்கே ஒரு மிஷின் இருக்கிறது. தேன் மாதிரிப் பிசுபிசுக்கும் ரெசின் மேல் வெளிச்சத்தைக் காட்டிக் காட்டி, மெல்லிய படலமாக ஒன்றின்மேல் ஒன்று இறுக வைத்து, தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டி செய்யும். அதுதான் சிப். உள்ளே தையல் நூல் பருமனில் வழிகள் வளைந்து வளைந்து ஓடும். இரண்டு வாயில் இரண்டு ரசாயனம் விட்டால், உள்ளே கலந்து மூன்றாவது வாயில் வேறொன்றாக வரும். குடுவை நிறையக் கொட்டிச் செய்வதை நாலு சொட்டில் செய்து பார்க்கலாமாம்.

மிஷினிலிருந்து எடுக்கும்போது அந்த வழிகளுக்குள் இறுகாத ரெசின் தேங்கி நிற்கும். ஊசிக்குழலில் ஸ்பிரிட் ஏற்றி அதைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். அப்புறம்தான் விளக்குப் பெட்டியில் வைத்து முழுசாக இறுக்குவார்கள். மிச்சம் இருந்தால் உள்ளேயே கல்லாகிவிடும். வெயில் பட்டாலும் அதே கதிதான். அதனால் அந்த அறை ஜன்னலில் ஆரஞ்சுத் தாள் ஒட்டியிருக்கும். உள்ளே எல்லோருக்கும் காமாலை வந்த முகம்.

அன்றைக்கு விளக்குப் பெட்டி பழுது. சிப் கேட்டிருந்த அடையாறு லேபிலேயே ஒன்று இருந்ததால், கழுவிய சிப்பை அப்படியே என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். அங்கே மதுவந்தி என்ற ஆராய்ச்சி மாணவி, விளக்கில் வைத்து எடுத்து, நீல மை கலந்த தண்ணீரை விட்டார். பதினொன்றில் தண்ணீர் போகவில்லை. ஸ்ரீநாத் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்.

நான் ஏழாவது வரைக்கும்தான். ஆனாலும் வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்தேன். காலி வழியில் வெயில் பட்டால் என்ன ஆகும்? உள்ளே ஏதாவது இருந்தால்தானே அடைக்கும்? ஒருநாள் ஷகீலா என் வண்டியில் ஏறியபோது கேட்டேவிட்டேன்.

"கழுவினது நீ. மிச்சம் வச்சதும் நீ. வெயிலு உன்ன இன்னாம்மா பண்ணுச்சு?"

லஸ் முனையில் வாயைத் திறந்தார். "வலது கண்ணுல பொக மூடிக்கினு கீதுண்ணே. எடதும் ஆரம்பிச்சிருச்சு. உள்ள மிச்சம் மினுமினுக்கிறது தெரியல."

"ஆபரேஷன் பண்ணிக்கயேன்."

"பண்ணா எம்மவன் ஷோயப் வேளச்சேரிக்குக் கூட்டிக்கினு பூடுவான். டிவி முன்னாடி சோபாவுல குந்த வச்சிருவான். எந்திரிக்க வுடமாட்டான். நல்ல புள்ளண்ணே, அதான் பயமே."

மன்னிப்புக் கேட்கவில்லை. வேலை வைத்தார். மதியம் ஸ்ரீநாத் சாப்பிடப் போனதும் நான் மாடியேறி, அவர் கழுவிய சிப்பை ஆரஞ்சு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். என் மேல் பழி போட்ட ஆளுக்கு நானே கண். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருஷம் போனேன்.

"மூணாவது வளைவுல கீது."

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருண்ணே."

"என் கண்ண நீ சொல்றியா?"

திரும்பவும் தள்ளுவார். ஊசிக்குழல் கட்டைவிரலை எதிர்த்தால் உள்ளே மிச்சம். வழுக்கிப் போனால் சுத்தம். வாய்க்குள் எண்ணுவார். ஏழுக்குள் மறுமுனையில் சொட்டு வரவேண்டும். போகப் போக, நான் சொல்லும் முன்பே அவர் விரல் சொல்லிவிடும். இருந்தாலும் கூப்பிடுவதை விடவில்லை.

போன மாதம் அதே அடையாறு லேப் கழுவிய சிப் பன்னிரண்டு கேட்டது, விளக்கில் இறுக்குவதை அங்கேயே பார்த்துக்கொள்வதாக. எடுத்துப் போகிற ஆளுக்குக் காய்ச்சல். "வேம்பு கிட்ட குடுக்கறேன்" என்றார் ஸ்ரீநாத், ஸ்பீக்கரில். "ஐயோ, அந்த ஆட்டோ வேண்டாம் சார், மறுபடியும் வெயில்ல வச்சிடுவார்" என்றார் மதுவந்தி. வேம்பு நான்தான். வாசலில் நின்றிருந்தேன்.

ஷகீலா கையுறையைக் கழற்றிவிட்டு ஃபோன் பக்கம் வந்தார். "வெயில் இல்லம்மா. நான் சரியா கழுவல. கண்ணு தெரியல. அதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு? இப்பக்கூட நான் கழுவினத அவருதான் வந்து பாத்துச் சொல்றாரு."

ஸ்ரீநாத் முகம் சுருங்கிப் போனது. வெயில் இல்லை என்பது அவருக்கும் அன்றைக்கே புரிந்திருக்கும். வெளியே சொல்வதற்கு ஆட்டோக்காரன்தான் சௌகரியம். கடைசியில் சொன்னார்: "இந்த செட்டை என் எதிர்ல கழுவுங்க. வேம்பு உள்ள வரக்கூடாது. எல்லாம் ஓடினா, ஆபரேஷன் முடிச்சிட்டு வாங்க. இல்லன்னா மகன் வீட்டுலயே இருந்துக்குங்கம்மா."

மூன்று மணி நேரம். நான் படியில் உட்காருவேன், எழுந்திருப்பேன், கீழே போய் டீ குடிப்பேன், பாதியில் வைத்துவிட்டு மேலே வருவேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் எண்ணுகிற முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலை வலது கண்ணில் ஆபரேஷன். மதியம் நான் அடையாறில். மதுவந்தி விளக்கில் வைத்தெடுத்து ஒவ்வொன்றாக மை விட, நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். நாலு, ஐந்து, ஆறு என்று நீலம் எட்டிப் பார்த்தது. ஒன்பதாவது சிப்பில் ஏழு தாண்டியது. எட்டு, ஒன்பது. பதினொன்றில் வந்தது. எல்லாம் ஓடின. ஸ்ரீநாத்துக்கு மதுவந்தியே சொன்னார். "சரி, வரட்டும்" என்றார் அவர்.

வெளியே வந்து வேளச்சேரிக்கு ஃபோன் போட்டேன். ஷோயப் எடுத்தான். "அம்மா பேசக்கூடாது அங்கிள்" என்று அவன் சொல்லும்போதே ஃபோன் கை மாறிவிட்டது.

"இன்னா ஆச்சு?"

"எல்லாம் ஓடுச்சும்மா. வேலைக்கு வரலாம்னு சொல்ட்டாரு."

"எத்தன எண்ணுக்குள்ள?"

"ஏழுக்குள்ள. ஒண்ணு மட்டும் பதினொன்னு."

வேலை போகவில்லை என்று கேட்டும் ஒரு சந்தோஷ வார்த்தை கிடையாது.

"பொட்டியில பதிமூணு வச்சிருக்கேன், ஒண்ணு கூடுதல். அந்தப் பதினொன்னு எண்ணினத அவங்களுக்குக் குடுக்காதண்ணே. எடுத்துக்கினு வா. கட்டு அவுத்ததும் மொதல்ல அதத்தான் பாக்கணும்." ஷோயப் ஃபோனைப் பிடுங்குவதற்குள் இன்னொன்றும் சொன்னார். "வெயில்ல வச்சிடாத."