அறுபடாத பத்து நிமிடம்

வேங்கிக்காலில் ஜாஹிராவை 'டிஷ் அக்கா' என்றால்தான் தெரியும். டிப்ளமோ முடித்துவிட்டுப் பதினோரு வருடம் மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி டி.வி. டிஷ் பொருத்தியவர். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, ஸ்பேனரும் கையுமாக அவர் தண்ணீர்த் தொட்டி மேல் நிற்பதை ஊரே பார்த்திருக்கிறது. இப்போது முப்பத்தாறு வயது. இப்போதும் டிஷ் வேலைதான். ஆனால் இந்த டிஷ் சிக்னலை வாங்குவதோடு நிற்காது, பதிலும் பேசும்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும்போது செல்போன் கையில் இருந்தும் லைன் கிடைக்காது. அதனால் ஒரு தொண்டு அமைப்பு தன் மருத்துவ பேட்டரி வண்டியின் கூரையில் தட்டு வடிவச் செயற்கைக்கோள் கருவி ஒன்றைப் பொருத்தி, அதைப் பார்த்துக்கொள்ள ஜாஹிராவை வேலைக்கு வைத்தது. யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நர்ஸ் அங்கேயே இ.சி.ஜி. எடுப்பார். மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அதைத் திரையில் பார்த்தபடியே பேசுவார். இதற்குப் பத்து நிமிடம் இணைப்பு நிற்க வேண்டும். போன பௌர்ணமியில் ஆறாவது நிமிடமே அறுந்துவிட்டது.

"இந்தத் தடவயும் அறுந்தா கருவியத் திருப்பி அனுப்பிடலாம்மா" என்றார் அமைப்பின் செயலாளர் சக்கரபாணி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கருவி போனால் ஜாஹிராவின் வேலையும் போகும்.

கருவியில் பழுது எதுவும் இல்லை. மேலே செயற்கைக்கோள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கீழே வண்டியும் நகர்கிறது. தான் எங்கே நிற்கிறோம் என்று கருவிக்குத் துல்லியமாகத் தெரிந்தால்தான், தகவல் சரியான கணத்தில் மேலே போய்ச் சேரும்படி அனுப்ப முடியும். கணக்கு தப்பினால் மற்றவர்களின் பேச்சோடு மோதும். ஆகவே அடிக்கடி பேச்சை நிறுத்திவிட்டு, ஜி.பி.எஸ்.ஸில் தன் இடத்தைப் புதிதாகத் தெரிந்துகொள்ளும். அந்த நிறுத்தத்தில்தான் இணைப்பு அறுந்தது. ஓடுகிற வண்டி என்று நினைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் பார்க்கும்படி கருவியை அமைத்து அனுப்பியிருந்தார்கள்.

கிரிவலக் கூட்டத்தில் எந்த வண்டி ஓடும்? ஜாஹிரா பழைய பயணப் பதிவுகளைப் புரட்டினார். பத்து நிமிடத்தில் இருநூறு அடிகூட நகராத நேரமே அதிகம். கருவி விற்றவர்களோடு மூன்று நாள் போனில் மல்லுக்கட்டி, ஒருமுறை பார்த்த இடம் பதினைந்து நிமிடம் செல்லும் என்று மாற்ற வைத்தார். கூடவே ஒரு நடைமுறை: நோயாளி வந்ததும் வண்டி நிற்க வேண்டும், கருவி இடத்தைப் புதிதாகப் பார்க்க வேண்டும், அதன் பிறகே டாக்டருக்கு அழைப்பு. கிரிவலத்தில் மலை எப்போதும் வலப்பக்கம் என்பதால், கருவியைக் கூரையின் இடது ஓரத்துக்கு மாற்றினார். சோதித்தபோது இருபது நொடியில் இடம் கிடைத்தது.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. வண்டி ஓட்டுநர் மூர்த்தி வாளியும் துணியுமாக இறங்கிவிட்டார்.

"மூர்த்திண்ணா, மேல இருக்கிற தட்டு மேல மட்டும் ஒண்ணும் வெச்சிடாதீங்க."

"ஒரு பூ கூடவா?"

"உங்க கைகூட வேணாம்ணா."

"சரிம்மா, அது உங்க ஏரியா. மத்ததெல்லாம் என் ஏரியா."

ஐந்து நாள் கழித்துப் பௌர்ணமி. மாலை நான்கு மணிக்கு அடி அண்ணாமலையில், கரும்புச்சாறு கடை ஓரமாக ஓர் அம்மாள் சரிந்து உட்கார்ந்தார். பெயர் சரசு, போளூர்ப் பக்கம். உடம்பெல்லாம் வியர்வை, இடது கை மரத்துப்போகிறது என்றார். நர்ஸ் தமிழ்செல்வி அவரை வண்டியில் படுக்க வைத்தார். ஜாஹிரா இடம் பார்க்கும் பொத்தானை அழுத்தினார்.

இருபது நொடி. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். இடம் கிடைக்கவில்லை. இடம் தெரியாமல் அழைப்பும் போகாது.

"இன்னாக்கா, லைன் இல்லியா?" தமிழ்செல்வியின் குரல் உயர்ந்தது.

"இருங்க சிஸ்டர்."

சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறி, கூரையைப் பார்த்தார். தட்டு துடைத்துவைத்தது போலச் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி, ஜி.பி.எஸ். அதுதான். அதைச் சுற்றி வெள்ளி ஜிகினாக் காகிதம், நடுவில் சந்தனப் பொட்டு. மூர்த்தி சொன்ன சொல் மீறவில்லை. தட்டைத் தவிர எல்லாவற்றையும் ஜோடித்திருந்தார். அந்த உலோகப் பளபளப்பு பெட்டிக்கு வானத்தை மூடிவிட்டது.

கை நீண்டது, நின்றது. சுற்றிலும் 'அரோகரா' என்று போகிற கூட்டம். பூஜை போட்டதை இவர் கையால் கிழிப்பதா?

"மூர்த்திண்ணா! இதக் கொஞ்சம் நீங்களே எடுங்க."

"பூஜை போட்டதும்மா. தட்டத்தானே தொட வேணாம்னீங்க?"

"என் தப்புதான்ணா, இத சொல்ல மறந்துட்டேன். வண்டி எங்க நிக்குதுன்னு இதுதான் பாக்குது. நீங்க கண்ணக் கட்டி வுட்டுட்டீங்க."

மூர்த்தி ஒரே எட்டில் ஏறினார். காகிதம் வந்துவிட்டது. "ஏம்மா, அந்தம்மா உசுரு போவுது, எனக்காகக் காத்துக்கினு இருந்தியா? அடுத்த தபா கிழிச்சுப் போட்டுட்டு அப்புறம் சொல்லு."

பதினெட்டு நொடியில் இடம் கிடைத்தது. அழைப்பு போனது. திரையில் டாக்டர் முகம், பச்சைக் கோடு. ஜாஹிரா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது நிமிடம் கடந்தது. டாக்டர் மாத்திரை கொடுக்கச் சொன்னார். எட்டு. இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். பதினோராவது நிமிடத்தில், "அட்டாக்தான், உடனே கூட்டிட்டு வாங்க, இங்க எல்லாம் ரெடியா வைக்கிறேன்" என்று சொல்லி அவரே துண்டித்தார்.

ஏழு மணிக்கு, சரசு அபாயக் கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்ற தகவல் அதே கருவி வழியாக வந்தது. பின்னாலேயே சக்கரபாணியின் அழைப்பு.

"எத்தன தடவம்மா அறுந்துது?"

"பேசறப்போ ஒரு தடவகூட இல்லீங்க. பேசறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் என்னால லேட்டு."

"சரி, கருவி இருக்கட்டும். அந்த ரெண்டு நிமிஷத்தயும் கம்மி பண்ணிடுங்க."

பிரித்த ஜிகினாவை மூர்த்தி வீணாக்கவில்லை. கண்ணாடிக் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஜாஹிராம்மா, அந்தப் பொட்டி மேல சந்தனம் மட்டும் வெச்சா சிக்னல் கம்மி ஆவுமா?"

ஜாஹிரா கருவியை ஒருமுறை பார்த்தார். "சின்னதா, ஓரமா வைங்கண்ணா. வெச்சதும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடறேன்."