வெந்நீர் அடுப்புக்குப் போன குச்சி

என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்பது வயதிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

செண்பகனூரில் எங்கள் கோயில் பாடற்குழுவிடம், யாரோ விட்டுப்போன டபுள் பேஸ் ஒன்று இருந்தது. வயலினுக்குப் பெரியப்பா முறை. எங்கள் வீட்டில் எல்லோரையும்விட உயரம். மலை ஈரத்தில் ஒட்டு விட்டு வாய் பிளந்து கிடந்தது. நரம்புகளோ அமுக்கினால் விரல் கொப்பளிக்கும் உயரத்தில். கிறிஸ்துமஸ் பூசையில் அதை வாசித்தே தீருவேன் என்று நின்றாள் சித்தி. முடியாவிட்டால் ஏதாவது ஹோட்டல் வாசலுக்கு அலங்காரமாகக் கொடுத்துவிடுவதாகப் பாட்டு வாத்தியார் சொல்லியிருந்தார்.

சித்தியின் அண்ணன், என் மாமா, கேரட் ஏற்றும் மரப்பெட்டி அடிக்கிறவர். இதுவும் பெட்டிதானே என்று இறங்கினார். நரம்புகளைக் கழற்றினார், பிளவை ஒட்டினார், நரம்பு தாங்கும் பலகையை இழைத்து இழைத்துத் தாழ்த்தினார். சித்தியின் உயரத்துக்குத் தரையில் ஊன்றும் அடிக்கம்பியையும் குறைத்தார். இடையில் உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. கவிழ்த்து உலுக்கியதில் பெருவிரல் தண்டிக் குச்சி ஒன்று விழுந்தது.

"செஞ்சவன் குப்பைய உள்ள வச்சே மூடிட்டான் பாரு," என்று அதை வெந்நீர் அடுப்பில் போட்டார். அன்று நான் குளித்த வெந்நீரில் அதற்கும் பங்குண்டு.

நரம்பு மாட்டி, சித்தி வில்லை இழுத்தாள். நனைந்த மெத்தையை அடித்தது போலிருந்தது. கண் கலங்க வாத்தியாரிடம் ஓடியவள், திரும்பி வந்து மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அது குப்பை இல்லண்ணே, தூணு! மேப்பலகை சத்தத்த அடிப்பலகைக்கு அதுதான் கொண்டுபோகுமாம். ஒட்டவும் கூடாதாம், சும்மா நிக்கணுமாம்."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"எரிக்குமுன்ன நீங்க கேட்டீகளா?"

மாமா காய்ந்த பைன் கட்டையில் புதுத் தூண் சீவினார். பேஸின் வளைந்த துவாரத்துக்குள் நுழைந்தது என் கை மட்டும்தான். என் இசைஞானத்தை வீடே ஒப்புக்கொண்டது என்று நினைத்தேன். ஒல்லி மணிக்கட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. குச்சி விழுந்தது, விழுந்தது, பிறகு நின்றது. மாமா நரம்பை முறுக்க, சித்தி வில்லை இழுத்தாள். அடுக்கிலிருந்த டம்ளர்கள் நடுங்கின, என் பல்லும்.

"ஆத்தா, நின்னுருச்சு!" என்று மாமா என்னைத் தூக்கிக்கொண்டார்.

பூசையில் எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். பார்க்க வேண்டிய ஆள் இங்கே இருக்கிறேன் என்று முன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகுதான் நினைவு வந்தது. ஒட்டாத குச்சி! சித்தி அழுத்தி இழுத்தபோதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குச்சி விழவில்லை. என் மூச்சில்தான் நின்றது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

சித்தி இன்றும் அதையே வாசிக்கிறாள். நானும் இன்றும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். நரம்பு தளர்ந்தால்தான் அந்தக் குச்சி விழும், இறுகினால் இன்னும் நன்றாக நிற்கும் என்பது முன் பெஞ்சில் முகம் சிவக்க உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாது.